ஒரு மாநிலத்தில் வீடு, இன்னொரு மாநிலத்தில் வேலை: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி வழிகாட்டி

சென்னையில் வீடும் பெங்களூரில் வேலையும் இருந்தாலும் இந்தியாவில் வருமான வரிக் கணக்கு ஒன்றுதான். அது மத்திய அரசோடு முடிந்துவிடும். அமெரிக்காவில் அப்படியில்லை. மத்திய அரசுக்கு ஒரு கணக்கு, மாநிலத்துக்கு ஒரு கணக்கு. வீடு ஒரு மாநிலத்திலும் அலுவலகம் பக்கத்து மாநிலத்திலும் இருந்தால் பெரும்பாலும் மூன்று கணக்கு. நியூஜெர்சியின் எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் குடியிருந்துகொண்டு தினமும் ஆற்றைக் கடந்து நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்குப் போகும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் நிலை இதுதான்.

முதல் ஆண்டில் பலர் இரண்டில் ஒரு தவற்றைச் செய்கிறார்கள். சம்பளத்தில் நியூயார்க் வரி பிடித்துவிட்டார்களே என்று நியூஜெர்சிக்குக் கணக்கே காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அல்லது இரண்டு மாநிலமும் முழு வரியைக் கேட்கிறது என்று நினைத்து, கட்ட வேண்டாததையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். இரண்டையும் தவிர்க்க முடியும். சட்டம் பார்க்கும்போதுதான் பெரிதாகத் தெரிகிறது; அதன் எலும்புக்கூடு எளியது. நியூஜெர்சி, நியூயார்க் ஜோடியை முதன்மை உதாரணமாக வைத்து விளக்குகிறேன். மற்ற மாநிலக்காரர்களுக்கும் வழிமுறை இதேதான்.

முதலில் இரண்டு கேள்விகள்

உங்கள் வீடு எங்கே? வேலை செய்யும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் எங்கே? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே, சம்பளக் காசோலை எந்த ஊரிலிருந்து வருகிறது, வங்கிக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதெல்லாம் பொதுவாக முக்கியமில்லை.

கன்சல்டன்சி நிறுவனங்கள் மூலம் வேலை செய்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நிறுவனம் நியூஜெர்சியில், வாடிக்கையாளர் நார்த் கரோலினாவின் சார்லட்டில், நீங்கள் குடியிருப்பதும் சார்லட்டில் என்றால், உங்கள் மாநில வரி நார்த் கரோலினாவுக்கு உரியது. நிறுவனம் வழக்கத்தின் பேரில் நியூஜெர்சி வரியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது பிழை. முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்து எழுத்து மூலம் கேளுங்கள். ஆண்டு முடிந்தபின் ஒரு மாநிலத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்டு, இன்னொரு மாநிலத்துக்கு அபராதத்தோடு கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

குடியிருக்கும் மாநிலம் உங்கள் மொத்த வருமானத்துக்கும் வரி கேட்கும். அது எங்கே சம்பாதித்ததாக இருந்தாலும் சரி. வேலை செய்யும் மாநிலம், தன் எல்லைக்குள் செய்த வேலைக்கான வருமானத்துக்கு மட்டும் கேட்கும். ஒரே சம்பளத்தின்மேல் இரண்டு மாநிலமும் கைவைப்பது இதனால்தான். அதைத் தீர்க்க மாநிலங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு, நீங்கள் எந்த ஜோடியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் ஜோடி எந்த வகை?

சில மாநிலங்களில் சம்பளத்துக்கு வருமான வரியே கிடையாது: டெக்சாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன், நெவாடா, டென்னசி, நியூ ஹாம்ப்ஷயர், அலாஸ்கா, சவுத் டகோட்டா, வயோமிங். இங்கே குடியிருந்தால் வரியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் வீடு எடுத்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டி ஓரிகானின் ஹில்ஸ்பரோவுக்கு வேலைக்குப் போகிறவர், அங்கே வேலை செய்த நாட்களுக்கு ஓரிகான் வரி கட்டியே ஆக வேண்டும். அதன் உச்ச விகிதம் 9.9 சதவீதம். வீட்டு மாநிலத்தில் வரி இல்லாததால் ஈடுகட்டிக்கொள்ளவும் வழியில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வான்கூவர் வீட்டிலேயே வேலை செய்தால் அந்த நாட்களின் சம்பளத்தை ஓரிகான் கணக்கிலிருந்து விலக்கலாம். அந்த நாட்களைக் குறித்து வைப்பவருக்கு அது நல்ல தொகை.

அடுத்தது, பரஸ்பர ஒப்பந்தம் உள்ள ஜோடிகள். இந்த ஜோடியில் ஒரு மாநிலத்தில் குடியிருப்பவர்களின் சம்பளத்துக்கு மற்றொன்று வரி கேட்பதில்லை. வீட்டு மாநிலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இந்த ஒப்பந்தம் உண்டு. வெர்ஜீனியா, மேரிலாந்து, வாஷிங்டன் டிசி மூன்றுக்கும் இடையே உண்டு. இல்லினாய் மாநிலத்துக்கு விஸ்கான்சின், அயோவா, மிச்சிகன், கென்டக்கி ஆகியவற்றோடு உண்டு; பக்கத்திலேயே இருக்கும் இண்டியானாவோடு இல்லை. மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் முன்பு இருந்தது, 2010 முதல் இல்லை. எனவே நண்பர் சொன்னார் என்று நம்பாமல், வேலை செய்யும் மாநிலத்து வரித்துறையின் இணையதளத்தில் அந்த ஆண்டுக்கான பட்டியலைப் பாருங்கள்.

இந்த ஒப்பந்தங்கள் சம்பளத்துக்கு மட்டும்தான் பொருந்தும். சொந்தத் தொழில் வருமானத்துக்கும் வாடகைக்கும் பொருந்தாது. நகர வரிக்கும் பெரும்பாலும் பொருந்தாது. நியூஜெர்சியின் செர்ரி ஹில்லில் குடியிருந்து, பென்சில்வேனியாவின் ஃபிலடெல்ஃபியாவில் வேலை செய்பவருக்குப் பென்சில்வேனியா மாநில வரி இல்லை. ஆனால் நகரத்தின் சம்பள வரி உண்டு. வெளியூர்க்காரருக்கு அது சுமார் 3.4 சதவீதம். நல்லவேளையாக, அந்த நகர வரிக்கு நியூஜெர்சி தன் கணக்கில் ஈடு தருகிறது. ஓஹாயோவின் நகரங்களும் வேலை செய்யும் இடத்தை வைத்து வரி போடுகின்றன, கொலம்பஸில் 2.5 சதவீதம். நியூயார்க் நகரம் மட்டும் 1999ஆம் ஆண்டிலேயே வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்கள்மேல் போட்ட வரியை நீக்கிவிட்டது. நியூஜெர்சியில் குடியிருக்கும் உங்கள் சம்பளச் சீட்டில் நியூயார்க் நகர வரி பிடித்திருந்தால் உடனே சம்பளப் பிரிவிடம் சொல்லுங்கள். மாநில வரி உண்டு, நகர வரி கிடையாது.

மூன்றாவது வகை, ஒப்பந்தம் இல்லாத ஜோடி. நியூஜெர்சியும் நியூயார்க்கும் இந்த வகை. இங்கே இரண்டு மாநிலத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும். வேலை செய்த மாநிலத்துக்குக் கட்டிய வரியை வீட்டு மாநிலம் தன் வரியிலிருந்து கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளும். இது மாநிலம் மனமிரங்கித் தரும் சலுகை மட்டுமல்ல. மேரிலாந்து தன் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) வரிக்கு இந்தக் கிரெடிட்டைத் தராமல் இருந்தது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2015இல் உச்ச நீதிமன்றமே வின் வழக்கில் தீர்ப்பளித்தது.

வேலையில் சேர்ந்த முதல் வாரம்

படிவங்களைச் சரியாகக் கொடுத்தால் ஆண்டு முழுவதும் நிம்மதி. ஒப்பந்தம் உள்ள ஜோடி என்றால் விலக்குப் படிவத்தை நீங்கள்தான் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். நிறுவனம் தானாகச் செய்யாது. நியூஜெர்சியில் குடியிருந்து பென்சில்வேனியாவில் வேலை செய்பவர் ஆர்இவி-419 படிவத்தையும், பென்சில்வேனியாவில் குடியிருந்து நியூஜெர்சியில் வேலை செய்பவர் என்ஜே-165 படிவத்தையும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டு, பென்சில்வேனியா வரியைப் பிடித்துவிட்டால் அந்தத் தொகைக்கு நியூஜெர்சி கிரெடிட் தராது, ஏனென்றால் அது கட்டவே தேவையில்லாத வரி. பென்சில்வேனியாவுக்குத் தனியாகக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும்.

நியூயார்க்கில் வேலை என்றால் ஐடி-2104 படிவம். வேலையின் ஒரு பகுதி உண்மையிலேயே நியூயார்க்குக்கு வெளியே நடக்கிறது என்றால் ஐடி-2104.1. நியூயார்க் நிறுவனம் நியூயார்க் வரியைப் பிடிக்கும்; நியூஜெர்சி வரியைப் பெரும்பாலும் பிடிக்காது. சம்பளம் மட்டுமே வருமானம் என்றால் இதில் பெரிய ஆபத்தில்லை. வட்டி, பங்கு விற்பனை, வாடகை என்று வேறு வருமானமும் இருந்தால் ஆண்டு முடிவில் நியூஜெர்சிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். அது 400 டாலரைத் தாண்டும் என்று தெரிந்தால் நியூஜெர்சி முன்கூட்டியே தவணையாகக் கேட்கிறது: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15.

இன்னொன்று. புது மாநிலத்து ஓட்டுநர் உரிமத்தைத் தாமதிக்காமல் எடுங்கள். நியூஜெர்சியில் 60 நாள் கெடு. வீட்டு ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளி, வண்டிப் பதிவு ஆகியவற்றோடு அதுவும் நீங்கள் எந்த மாநிலத்தவர் என்பதற்குச் சான்று. ஆனால் உரிமம் எடுக்கும் அலுவலகத்தில் வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்பார்கள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் உட்பட, கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். வரிக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான். ஆனால் அந்த ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினால் பின்னால் விசாவுக்கே சிக்கலாகும்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள்

புதிதாக வந்தவர்கள் குழம்புவது இங்கேதான். வாரத்தில் இரண்டு நாள் எடிசன் வீட்டிலிருந்து வேலை செய்கிறீர்கள். முன்னால் சொன்ன விதிப்படி அந்த நாட்களின் சம்பளம் நியூஜெர்சியுடையது என்று நினைப்பீர்கள். நியூயார்க் அப்படி நினைப்பதில்லை. நிறுவனத்தின் கட்டாயத் தேவைக்காக அல்லாமல் உங்கள் வசதிக்காக வீட்டில் வேலை செய்தால், அந்த நாளும் நியூயார்க்கில் வேலை செய்த நாளாகவே கணக்கு. பென்சில்வேனியா, டெலவேர், நெப்ராஸ்கா மாநிலங்களிலும் இதுபோன்ற விதி உண்டு.

இதை எதிர்த்து வழக்கு நடந்திருக்கிறது. நியூயார்க்கில் சட்டப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் செலின்ஸ்கி, கனெக்டிகட்டில் குடியிருந்து வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை செய்தார். அந்த நாட்களுக்கு நியூயார்க் வரி போட்டது செல்லும் என்று 2003இல் நியூயார்க்கின் உயர்மட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொரோனா காலத்தில் அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தபோதும் நியூயார்க் இந்த நிலைப்பாட்டை விடவில்லை. மனிதர் ஒரு நாள்கூட அந்த மாநிலத்தில் கால் வைக்காத மாதங்களுக்கும் வரி வசூலிப்பது நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சட்டம் மாறும்வரை அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

நியூஜெர்சிக்காரருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. அந்த நாட்களுக்கு நியூயார்க்குக்குக் கட்டும் வரிக்கும் நியூஜெர்சி கிரெடிட் தருகிறது. இதனால் தன் கஜானாவுக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டத்தான் 2023இல் நியூஜெர்சியும் பதிலடியாக ஒரு சட்டம் போட்டது: இப்படி விதி வைத்திருக்கும் மாநிலத்தவர் நியூஜெர்சி நிறுவனத்துக்காக வீட்டிலிருந்து வேலை செய்தால் நியூஜெர்சியும் வரி கேட்கும். உண்மையில் அடிபடுபவர், நியூயார்க் அலுவலகத்தோடு இணைக்கப்பட்டு, டெக்சாஸிலோ ஃபுளோரிடாவிலோ வீடு வைத்துக்கொண்டு, அவ்வப்போது மட்டும் அலுவலகம் போய்வருபவர். அவருக்கு நியூயார்க் வரி போகும். ஈடு தர வீட்டு மாநிலத்தில் வரியே இல்லை.

நிறுவனத்துக்கு ஜெர்சி சிட்டி போன்ற இடத்தில் உண்மையான கிளை அலுவலகம் இருந்து, நீங்கள் சில நாள் அங்கே போய் வேலை செய்தால் அவை நியூஜெர்சி நாட்கள்தான். வீட்டு மேசையை மட்டும்தான் நியூயார்க் ஏற்பதில்லை. பல வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் ஆற்றின் இந்தக் கரையில் கிளைகள் உண்டு. மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

கணக்குத் தாக்கல்: எதை முதலில் செய்வது

வரிசை முக்கியம். முதலில் மத்திய அரசுக் கணக்கு. அடுத்து வேலை செய்த மாநிலத்தின் வெளிமாநிலத்தவர் கணக்கு. நியூயார்க்குக்கு அது ஐடி-203. கடைசியாக வீட்டு மாநிலக் கணக்கு. நியூஜெர்சிக்கு என்ஜே-1040, கிரெடிட்டுக்கு அதோடு சேரும் என்ஜே-சிஓஜே அட்டவணை. மென்பொருளில் செய்பவர்களும் இந்த வரிசையை மாற்றக் கூடாது. நியூயார்க் வரி எவ்வளவு என்று தெரியாமல் நியூஜெர்சி கிரெடிட்டைக் கணக்கிட முடியாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எடிசனில் குடியிருக்கும் திருமணமாகாத ஒருவர், மன்ஹாட்டனில் வேலை, சம்பளம் 1,20,000 டாலர், வேறு வருமானம் இல்லை. 2024ஆம் ஆண்டு விகிதப்படி அவருடைய நியூயார்க் வரி தோராயமாக 6,300 டாலர். அதே சம்பளத்துக்கு நியூஜெர்சி வரி, 1,000 டாலர் தனிநபர் விலக்குப் போக, சுமார் 5,450. நியூயார்க்குக்கு அதைவிட அதிகமாகவே கட்டிவிட்டதால் நியூஜெர்சி 5,450ஐயும் கிரெடிட்டாகக் கொடுத்துவிடும். நியூஜெர்சிக்குக் கட்ட வேண்டியது பூஜ்யம். கூடுதலாகக் கட்டிய 850 டாலரை நியூஜெர்சி திருப்பித் தராது. ஆக, இரண்டு வரியும் சேர்ந்து அவர்மேல் விழவில்லை. இரண்டில் பெரியது விழுந்தது.

இப்போது அவருக்கு 2,000 டாலர் வட்டி வருமானமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டிக்கு நியூயார்க் உரிமை கொண்டாடாது. நியூஜெர்சி வரி சுமார் 5,580 ஆகிறது. மொத்த வருமானம் 1,22,000இல் இரண்டு மாநிலமும் வரி போட்ட பகுதி 1,20,000. எனவே 5,580ஐ 122ஆல் வகுத்து 120ஆல் பெருக்கினால் வரும் 5,490தான் கிரெடிட்டின் உச்சவரம்பு. மீதி 90 டாலரை நியூஜெர்சிக்குக் கட்ட வேண்டும். சிறிய தொகைதான். ஆனால் சம்பளம் முழுவதும் நியூயார்க்கிலிருந்தே வந்து, கட்ட வேண்டியது பூஜ்யமானாலும், நியூஜெர்சிக்கும் கணக்குக் காட்டியே ஆக வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரெடிட் கேட்கும்போது, ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2இல் நியூயார்க் வரியாகப் பிடித்த தொகையைப் போடக் கூடாது. ஐடி-203இல் கணக்கிட்டு வந்த உண்மையான வரியைத்தான் போட வேண்டும். நிறுவனம் 7,400 பிடித்திருக்கலாம். வரி 6,300 என்றால் மீதி 1,100ஐ நியூயார்க் உங்களுக்குத் திருப்பித் தந்துவிடும். பிடித்த தொகைக்கே நியூஜெர்சியிடம் கிரெடிட் கேட்டால், திரும்ப வந்த பணத்துக்கும் சேர்த்துக் கேட்டதாகிவிடும்.

கணவன் மன்ஹாட்டனிலும் மனைவி நியூஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கிலும் வேலை செய்யும் குடும்பங்களில் இன்னொரு குறை எழும்: மனைவி நியூயார்க் பக்கமே போனதில்லை, அவர் சம்பளத்தையும் ஏன் நியூயார்க் கணக்கில் கேட்கிறார்கள்? நியூயார்க் முதலில் இருவரின் மொத்த வருமானத்துக்கும் வரியைக் கணக்கிடும். பிறகு அதில் நியூயார்க்கில் சம்பாதித்த பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும். கணவர் 1,20,000, மனைவி 80,000 என்றால் மொத்த வரியில் 60 சதவீதம் மட்டுமே நியூயார்க்குக்கு. மனைவியின் சம்பளத்துக்கு வரி இல்லை. ஆனால் அது கணவர் எந்த விகிதப் படியில் நிற்கிறார் என்பதை உயர்த்திவிடுகிறது.

வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு சின்ன லாபத்தை விட்டுவிடாதீர்கள். கட்டும் வாடகையில் 18 சதவீதத்தை நியூஜெர்சி சொத்து வரியாகக் கருதுகிறது. அதை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அல்லது 50 டாலர் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் முழுவதும் நியூயார்க்கிலிருந்து வந்து நியூஜெர்சி வரி பூஜ்யமாகிவிட்டவருக்குக் கழிவால் பயன் இல்லை. 50 டாலரே கையில் வரும் பணம்.

டபிள்யூ-2 படிவத்தைப் படிக்கும்போது

கீழ்ப்பகுதியில் 15, 16, 17 என்று மூன்று கட்டங்கள்: மாநிலம், அந்த மாநிலத்துச் சம்பளம், பிடித்த வரி. நியூயார்க்குக்கு நேராக முழுச் சம்பளம், நியூஜெர்சிக்கு நேராகவும் முழுச் சம்பளம் என்று இரண்டு பதிவுகள் இருப்பதைப் பார்த்துச் சிலர் பதறிப்போகிறார்கள். சம்பளம் இரட்டிப்பாகிவிடவில்லை. வெளிமாநிலத்தவராக இருந்தாலும் மத்திய அரசுக்குக் காட்டிய முழுச் சம்பளத்தையே எழுத வேண்டும் என்பது நியூயார்க்கின் விதி. அதில் உங்கள் நியூயார்க் பங்கு எவ்வளவு என்பதை ஐடி-203-பியில் நாள் கணக்குப் போட்டு நீங்கள்தான் காட்டுகிறீர்கள்.

நியூஜெர்சிச் சம்பளம் மத்திய அரசுச் சம்பளத்தைவிடக் கூடுதலாக இருப்பதும் பிழையல்ல. மருத்துவக் காப்பீட்டுக்காக வரிக்கு முன் பிடிக்கும் தொகையை நியூஜெர்சி சம்பளமாகவே எடுத்துக்கொள்கிறது. 401(கே) ஓய்வூதியச் சேமிப்பை விட்டுவிடுகிறது. பென்சில்வேனியாவோ அந்த ஓய்வூதியச் சேமிப்புக்கும் வரி கேட்கிறது.

இந்தியாவில் உள்ள பணம், விசா நிலை

வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ வைப்பு நிதியின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் அமெரிக்காவிலும் இல்லை என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. மத்திய அரசின் பார்வையில் குடியிருப்பவராகிவிட்ட எச்-1பி ஊழியர், அந்த வட்டியை மத்திய அரசுக் கணக்கிலும் வீட்டு மாநிலக் கணக்கிலும் காட்ட வேண்டும். இந்தியாவில் வரும் வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்கில் இந்தியா பிடித்த வரிக்கு மத்திய அரசு ஈடு தரும். நியூஜெர்சி வெளிநாட்டு வரிக்கு ஈடு தருவதில்லை. ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் படித்து முடித்து, படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியான ஓபிடியில் வேலை செய்பவர்களுக்கு வேறொரு குழப்பம். மத்திய அரசுக்கு 1040-என்ஆர் படிவம் தாக்கல் செய்வதால் மாநிலத்துக்கும் தாங்கள் வெளியார்தான் என்று நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. மத்திய அரசு விசாவையும் நாட்டில் இருந்த நாட்களையும் பார்க்கிறது. மாநிலம் வீட்டைப் பார்க்கிறது. நியூஜெர்சியில் நிலையான வீடு வைத்துக்கொண்டு 183 நாளுக்குமேல் இருந்தவர், விசா எதுவாயினும், அந்த மாநிலத்தில் குடியிருப்பவராகக் கணக்கிடப்படலாம்.

இதே 183 நாள் கணக்கு மறுபக்கமும் கடிக்கும். குடும்பம் எடிசனில், தாமே வார நாட்களில் தங்க நியூயார்க் நகரத்துக் குவீன்ஸில் நண்பர்களோடு ஓர் அறை என்று இருப்பவர்கள் கவனியுங்கள். ஆண்டின் பெரும்பகுதி அந்த இடம் உங்கள் தங்குமிடமாக இருந்து, நியூயார்க்கில் 183 நாளுக்குமேல் கால் வைத்திருந்தால், ஒரு மணி நேரம் இருந்தாலும் ஒரு நாள்தான், நியூயார்க் உங்களைத் தன் குடியிருப்பவர் என்று சொல்லிவிடலாம். அப்போது நியூயார்க் நகர வரியும் சேரும்; அது 3 சதவீதத்துக்கு மேல். மாதம் சில நூறு டாலரில் கிடைத்த அறைக்கு உண்மையான வாடகை அப்போதுதான் தெரியும்.

ஆண்டு நடுவில் மாநிலம் மாறினால்

இரண்டு மாநிலத்துக்கும் பகுதி ஆண்டுக் கணக்கு. எந்தத் தேதியில் மாறினீர்கள் என்பதற்கு வீட்டு ஒப்பந்தமும் மின் இணைப்பு ரசீதும் போதும். போனஸில் கவனம் தேவை: புது மாநிலத்துக்கு வந்தபின் கைக்கு வந்தாலும், பழைய மாநிலத்தில் செய்த வேலைக்கானது என்றால் பழைய மாநிலம் கேட்கும். நிறுவனப் பங்குகளிலும் அப்படியே. கலிஃபோர்னியாவில் இருந்தபோது ஒதுக்கப்பட்ட பங்குகள் டெக்சாஸுக்குப் போனபின் கைக்கு வந்தால், ஒதுக்கிய நாளுக்கும் கைக்கு வந்த நாளுக்கும் இடையே கலிஃபோர்னியாவில் வேலை செய்த நாட்களின் விகிதத்தில் அந்த மாநிலம் வரி போடும். டெக்சாஸில் வரி இல்லை என்று மகிழ்ச்சியாகப் போனவர்களுக்குச் சில ஆண்டு கழித்து வரும் கடிதம் பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்.

கெடு தேதி பெரும்பாலான மாநிலங்களில் ஏப்ரல் 15. வெர்ஜீனியாவில் மே 1.

கடிதம் வந்தால்

சம்பளத்தில் ஒரு பகுதியை நியூயார்க்குக்கு வெளியே சம்பாதித்ததாகக் காட்டியிருந்தால் நியூயார்க் வரித்துறை ஆதாரம் கேட்டு எழுதுவது சகஜம். அச்சப்பட வேண்டாம், பதில் போடாமல் விடவும் வேண்டாம். கெடு முடிந்தால் அவர்களே முழுச் சம்பளத்துக்கும் வரி போட்டு, கட்டச் சொல்லி அறிவிப்பு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு: எந்த நாள் எந்த ஊரில் வேலை செய்தீர்கள் என்ற பட்டியல், அதை உறுதிசெய்து நிறுவனம் தரும் கடிதம்.

பட்டியலை ஜனவரி முதலே எழுதி வாருங்கள். ஒரு சாதாரண அட்டவணை போதும்: தேதி, வேலை செய்த ஊர், அலுவலகமா வீடா கிளையா, விடுப்பா. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் கணக்கில் சேராது. ரயில் மாதச் சீட்டு, சுங்கக் கட்டண விவரம், விமானச் சீட்டு, அலுவலக நுழைவு அட்டையின் பதிவு எல்லாம் துணை ஆதாரங்கள். நிறுவனக் கடிதத்தை வேலையில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். வேறு வேலைக்குப் போனபின் பழைய மனிதவளப் பிரிவிடம் வாங்குவது பெரும்பாடு. இரண்டு மாநிலக் கணக்குகளின் நகலையும் குறைந்தது நான்கு ஆண்டு வைத்திருங்கள். ஒரு மாநிலம் வரியை மாற்றினால் மற்ற மாநிலத்தின் கிரெடிட்டும் மாறும். நியூயார்க் கூடுதலாகக் கேட்டு நீங்கள் கட்டிவிட்டால், நியூஜெர்சிக்குத் திருத்திய கணக்கு அனுப்பி அந்த ஆண்டின் கிரெடிட்டை உயர்த்தச் சொல்லுங்கள். அவர்களாக முன்வந்து தரமாட்டார்கள், கேட்டால்தான் கிடைக்கும்.